நோய் நீங்கிய பின்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தது வத்திராயிருப்பு. நெல்வயல்கள் சூழ்ந்த அவ்வூரில் நாற்று நடும் பெண் ஒருத்தி, மார்பகப் புற்றுநோய்க்கு வெளியூரில் சிகிச்சை பெற்றுத் திரும்புகிறாள் எனக் கொள்க. அறுவையும் கதிர்வீச்சும் முடிந்துவிட்டன. ஆயினும், அவளுக்குக் கை கனக்கிறது, உடல் சோர்கிறது, நோய் மீளுமோ என்னும் அச்சம் உறக்கத்தைக் கெடுக்கிறது. இந்நிலையில் அவளுக்குத் துணை நிற்பவருள் முதன்மையானவர் செவிலியர்.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954 ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. இந்நோயினின்று மீளலாம் என அந்நாளில் நம்பினோர் சிலரே. இன்றோ, தொடக்கத்திலேயே கண்டறியப்பெற்றால் பலர் நலம் பெறுகின்றனர். அத்தகையோர் பெருகப் பெருகச் செவிலியர் பணியும் விரிந்துள்ளது.

அப்பணி யாது? அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டால், நிணநீர் வடிய வழியின்றிக் கை வீங்குவதுண்டு. அக்கையில் சிறு கீறல் பட்டாலும் அது சீழ் கொள்ளக்கூடும். ஆதலின், வயல்வேலை முடிந்ததும் கையைத் தூய நீரில் கழுவித் துடைத்தல், காயத்திற்கு உடனே மருந்திடுதல், தோளை அசைக்கும் எளிய பயிற்சிகளை நாள்தோறும் செய்தல் ஆகியவற்றைச் செவிலியர் கற்பிப்பர். கை சிவந்து காய்ச்சல் கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுமாறு எச்சரிப்பர். வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சுப் பெற்றவர்க்கு நாவறட்சியும் தாடை இறுக்கமும் உண்டாகலாம். அவர் அடிக்கடி நீர் பருகவும், வாயைத் திறந்து மூடிப் பழகவும், புகையிலையை அறவே விடவும் வழி காட்டுவர். குறித்த நாளில் மறுபரிசோதனைக்குச் செல்லுமாறு நினைவூட்டுவதும் அவர் கடமையே.

உடலுக்குச் செய்யும் பணியினும் அரியது உள்ளத்துக்குச் செய்யும் பணி. புற்றுநோய் தொட்டால் ஒட்டும் எனச் சிலர் அஞ்சுவர். நலம் பெற்று வந்தவர்க்கும் தட்டையும் குவளையையும் தனியே வைப்பர். நோயைத் தாங்கிய நெஞ்சம் இவ்விலக்கலைத் தாங்காது உடையும். தொடுவதாலோ உடன் உண்பதாலோ இந்நோய் பரவாது எனச் செவிலியர் வீட்டாருக்கு விளக்குவர். வாய்விட்டுச் சொல்ல இயலாத அச்சங்களைப் பொறுமையுடன் கேட்பர்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தில், இயலாதோரின் இல்லங்களுக்கே செவிலியரும் இயன்முறை மருத்துவரும் செல்ல ஏற்பாடு செய்யப்பட்டது. மருத்துவமனை வாயிலோடு பராமரிப்பு முடிவதில்லை என்பதை இது உணர்த்தும்.

அந்தப் பெண் அச்சம் தணிந்து மீண்டும் வயலில் இறங்கி, தோழியரோடு ஒருங்கே அமர்ந்து உண்ணும் நாளே அவள் முழு நலம் பெற்ற நாளாகும். அந்நாளைக் காண உழைப்பதே செவிலியர் தொண்டின் சிறப்பு.