கோட்டையை நோக்கி நாற்பது கிலோமீற்றர்

வட ஐரோப்பிய நாடுகளிலே கோடை விடுமுறை வந்துவிட்டால், தாய் தந்தையர் பிள்ளைகளுடன் துவிச்சக்கரவண்டிகளில் ஏறிப் பழைய நகரங்களையும் கோட்டைகளையும் காணப் புறப்பட்டு விடுவர். ஒல்லாந்து தேசத்தில் மக்கள் தொகையினும் சைக்கிள்களின் தொகை பெரிது. மேடு பள்ளமற்ற நிலம். ஒருபுறம் கடல், மறுபுறம் நீர்நிலை. இடையே நேரான பாதை. இதனை நான் வகுப்பிலே வருணித்துக் கொண்டிருந்தபோது, பின் வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், இது நம்மட ஊரு மாதிரித்தானே இருக்கு?" என்றான்.

வகுப்பு சிரித்தது. எனக்கோ சிரிப்பு வரவில்லை. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக் கோட்டை வரை ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். எத்தனையோ முறை பஸ்ஸில் கடந்த வழிதான். ஆயினும் இடையிலுள்ள ஊர்களில் ஒருநாளேனும் இறங்கி நின்றோமா?

ஆவணி மாதத்து விடுமுறையில் ஒருநாள், சுபஹு பாங்கொலி அடங்கிய வேளையில் எண்மர் புறப்பட்டோம். மாணவர் அறுவர், அவருள் மூவர் இந்துக்கள், மூவர் முஸ்லிம்கள். என்னுடன் வந்த மற்றைய ஆசிரியர் சாய்ந்தமருதைச் சேர்ந்த முஸ்லிம் நண்பர். கச்சான் காற்று வெயிலேற வலுக்கும். ஆதலால் விடியுமுன் புறப்படுதலே அறிவுடைமை.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தைக் கடந்ததும் மருதமுனை. கைத்தறிச் சாரத்துக்குப் பெயர் பெற்ற அவ்வூரின் கரையோரத்தையும் 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் கடல் விழுங்கிற்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அலைக்குக் கோயில் வீடும் தெரியவில்லை, பள்ளி வீடும் தெரியவில்லை.

பெரியநீலாவணைக்கு அப்பால் மட்டக்களப்பு மாவட்டம் தொடங்குகிறது. கோட்டைக்கல்லாற்றில் வண்டியை நிறுத்திய மாணவன், "கோட்டை எங்கே சேர்?" என்றான். "பெயரிலே இருக்கிறது; மெய்யான கோட்டைக்கு இன்னும் மிதிக்க வேண்டும்" என்றேன். களுவாஞ்சிகுடியில் இளநீர் அருந்தி, குருக்கள்மடம், ஆரையம்பதி ஆகிய ஊர்களைக் கடந்தோம். வீதி நடுவே வரிசையாக நின்ற பேரீச்ச மரங்கள் காத்தான்குடி வந்துவிட்டதை அறிவித்தன.

இங்கே என் கால்கள் தயங்கியதை மறைக்க விரும்பவில்லை. என் தந்தையார் இளமையில் இவ்வழியே சைக்கிளில் மட்டக்களப்புக்குச் சென்று வந்தவர். காத்தான்குடியில் தேநீர் பருகாமல் அவர் திரும்பியதில்லை. 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் இரவு, இவ்வூர்ப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். அன்று நான் சிறுவன். அதன்பின் தந்தையார் அத்தேநீரைப் பற்றிப் பேசியதேயில்லை.

நண்பர் என் முகத்தைப் பார்த்தார். "வாங்க சேர், பிள்ளைகளும் பார்க்கட்டும்" என்று மீரா ஜும்ஆப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்றார். குண்டு துளைத்த தடங்களை அழியாது வைத்திருக்கின்றனர். மாணவர் எவரும் பேசவில்லை. திரும்பும்போது நண்பரே மெல்லக் கூறினார்: "சத்துருக்கொண்டானிலும் ஒரு நினைவுத்தூண் இருக்கு. நாளைக்கு அங்கேயும் போவோம்." அதே ஆண்டு செப்டெம்பரில் தமிழ்க் கிராமத்தவர் கொல்லப்பட்ட இடம் அது. நான் கேட்கத் துணியாததை அவரே சொன்னார்.

வீதியோரத் தேநீர்க் கடையில் முதியவர் ஒருவர், "எங்கிருந்து மனே வாறீங்க? கல்முனையிலிருந்து சைக்கிள்லயா!" என்று வியந்து, எட்டுக் கோப்பைத் தேநீருக்கும் காசு வாங்க மறுத்துவிட்டார். தந்தையார் பருகிய தேநீரின் சுவை எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

கல்லடியில் சுவாமி விபுலாநந்தரின் சமாதியை வணங்கினோம். காரைதீவிலே 1892இல் பிறந்த அப்பெரியார் 1929இல் நிறுவிய சிவானந்த வித்தியாலயம் அங்கேதான் உள்ளது. 1924இல் எழுந்த பழைய பாலத்தின் அருகே 2013இல் திறந்த புதுப்பாலம் நிற்கிறது. மீன் பாடும் வாவியைக் கடந்தால் புளியந்தீவு, அங்கே கோட்டை.

இருபுறம் வாவியும் இருபுறம் அகழியும் சூழ, நான்கு கொத்தளங்களுடன் அது நிற்கிறது. போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான். இரண்டாண்டு கழித்து, 1628இல், போர்த்துக்கேயர் இங்கே கோட்டை அமைத்தனர். 1638 மே 18இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்கள் இலங்கையிற் கைப்பற்றிய முதற் கோட்டை இதுவே. ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்த மாலுமி 1602லேயே மட்டக்களப்புக்கு வந்தவன். அவன் 1601இற் பாய்விரித்த வேரே என்னும் சிறு துறைமுக நகரைத்தான் இன்று ஐரோப்பியர் சைக்கிளிற் சென்று கண்டு மகிழ்கின்றனர்!

கொத்தளத்தின் மீது அமர்ந்து மாணவர்க்கு ஒரு பாடம் சொன்னேன். கோட்டை விழுந்த ஐந்தாம் நாள் இரண்டாம் இராசசிங்க மன்னன் ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தான். கோட்டைகளிற் காவற்படை வைப்பது பற்றிய பிரிவில், "மன்னர் விரும்பின்" என்னும் கருத்து மன்னனது பிரதியில் இருந்தது. ஒல்லாந்தர் பிரதியில் இல்லை. அதனால் எழுந்த பிணக்கு நெடுங்காலம் நீடித்தது. "அப்போ இரண்டு பிரதியையும் பக்கத்திலே வைத்து வாசித்திருக்கணும் சேர்" என்றான் பின் வாங்கு மாணவன். வரலாறு கற்பதன் பயனை அவன் ஒரு வாக்கியத்தில் அடக்கிவிட்டான். கரையோரத்து மக்களாகிய நாமும் நம் துயரங்களை ஆளுக்கொரு பிரதியாகவன்றோ வைத்திருக்கிறோம்!

அன்பர்களே, நீங்களும் சென்று வாருங்கள். காற்றுப் பம்பும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் தண்ணீரும் தலைக்கவசமும் உடனிருக்கட்டும். விரையாது மிதித்தால் ஐந்து மணி நேரம் போதும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: தனியே செல்லாது, அடுத்த ஊர் நண்பர் ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள். மறுநாட் காலை சத்துருக்கொண்டான் தூணின் முன் நின்றபோது, அங்கே முதலில் தலை குனிந்தவர் என் நண்பரே.