நெஞ்சுப் படபடப்பும் கடையில் வாங்கும் நித்திரைக் குளிசையும்

மார்கழி வாடைக்காற்றில் கடல் இரையத் தொடங்கினால் எங்கள் மனநலக் கிளினிக்கில் கூட்டம் கூடிவிடும். “நெஞ்சு படபடக்குது டொக்டர், மூச்சு முட்டுது, செத்துப்போயிடுவன் போலக் கிடக்கு” என்று வருகிறார்கள். கையில் ஒரு பை நிறைய ஈசிஜி தாள்கள். வாயு என்றும் பிரஷர் என்றும் வருடக்கணக்கில் அலைந்து, “ஒன்றுமில்லை” என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். இதயத்தில் ஒன்றுமில்லைதான். ஆனால் பதகளிப்பு நோய் இருக்கிறது. அதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஏன் வருகிறது?

2004 டிசம்பர் 26இல் நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் சுனாமி அலைக்கு ஓடித் தப்பியவர்கள், 2006 ஓகஸ்டில் போருக்கு அஞ்சி மூதூரிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தே வெளியேறியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த அதிர்ச்சி, பரம்பரை, கடன், வெளிநாடு போன கணவரின் தொலைபேசிக்குக் காத்திருப்பது எல்லாமே காரணமாகலாம். மூளையில் ஆபத்தை அறிவிக்கும் அமிக்டலா சிறு சத்தத்துக்கும் பதறுகிறது. அதை அமைதிப்படுத்தவேண்டிய நெற்றிப்பக்க மூளையின் பிடி தளர்கிறது. அட்ரினலின் பாய்கிறது, இதயம் விரைகிறது. திடீர்ப் பீதி பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, பிறகு தானாகவே இறங்கும்.

ஊர் சொல்லும் கதைகள்

“மனத்தைரியம் இல்லாதவனுக்குத்தான் இது வரும்.” ஆழ்கடலில் இரவு முழுக்கத் தனியே நின்று தொழில் செய்கிறவர்களும் இந்த நோயோடு வருகிறார்கள். தைரியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

“செய்வினை, பேய்க்குழப்பம்.” கோணேசர் கோயிலுக்குப் போங்கள், பள்ளிவாசலில் ஓதுங்கள், நூல் கட்டுங்கள், மன ஆறுதலை நான் தடுக்கமாட்டேன். ஆனால் மிளகாய்ப் புகை போடுவதும், அடிப்பதும், பட்டினி போடுவதும் கொடுமை. அதைச் செய்துவிட்டு என்னிடம் அழைத்து வராதீர்கள், அதற்கு முன்பே வாருங்கள்.

“கலியாணம் கட்டிவைத்தால் சரியாகும்.” ஆகாது. இன்னொரு குடும்பமும் சேர்ந்து தவிக்கும்.

“விசர் மருந்து எடுத்தால் அதற்கே அடிமையாகிவிடுவோம்.” நாங்கள் முதலில் தரும் செர்ட்ரலின், ஃபுளுவொக்செடின் போன்றவை போதை தருவதில்லை. அடிமையாக்கும் மருந்து எது தெரியுமா? பக்கத்து வீட்டு அக்கா இரண்டு கொடுத்து, பிறகு கடையில் நீங்களே கேட்டு வாங்கும் டயசிபாமும் அல்பிரசோலமும்தான். சில வாரங்களிலேயே உடல் பழகிவிடும், அளவு கூடும், திடீரென நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம். அதன் மேல் சாராயமும் குடித்தால் மூச்சு நின்றுபோகலாம். தயவுசெய்து அந்தக் கடைக்கணக்கை இன்றே முடியுங்கள். ஏற்கெனவே பழகியிருந்தால் மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், படிப்படியாகக் குறைக்க வைத்தியர் வேண்டும்.

சிகிச்சை

தைராய்டு, இரத்தம், ஈசிஜி பார்த்து வேறு நோயில்லை என்று உறுதிசெய்வோம்.

நாங்கள் தரும் மருந்து வேலைசெய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் பதற்றம் சற்றுக் கூடலாம். அதற்குப் பயந்து எறிந்துவிடுகிறவர்கள் அதிகம். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரவேண்டும்.

மருந்துக்கு நிகரான பலன் உளச்சிகிச்சையிலும் உண்டு. பீதி வந்த இடத்தைத் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும். கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறும்போது ஒருமுறை நெஞ்சு அடைத்தவர், பிறகு நகரத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவார். அவரை முதலில் பாலத்தடியில் நிற்கவைத்து, மறுவாரம் பாதித் தூரம் நடக்கவைத்து, கடைசியில் பஸ்ஸில் அனுப்புவோம். பயம் ஏறி, தானே இறங்குவதை மூளை அங்கே கற்றுக்கொள்கிறது.

உங்களிடம் கேட்பது

முதன்முறை நெஞ்சு வலித்தால் பதகளிப்பு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். இதயம் நலம் என்று தெரிந்தபிறகும் படபடப்புத் தொடர்ந்தால், அடுத்த ஈசிஜிக்கு அலையாமல் மனநலக் கிளினிக்குக்கு வாருங்கள். அரச வைத்தியசாலையில் காசு கேட்கமாட்டார்கள். வர வெட்கமாக இருந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை இரவிலும் அழைக்கலாம். உங்கள் வீட்டில் யாராவது இப்படித் தவித்தால், அந்த இலக்கத்தை நீங்களே அழுத்தி அவர் கையில் கொடுங்கள்.