மரத்துக்குள் இறங்கும் வெளிச்சம்

பழைய தேக்குப் படிக்கட்டை உப்புத்தாளால் தேய்த்து முடித்ததும் அது வெளிறிப்போய் நிற்கும். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். ரேகைகள் பொன்னிறமாக எழும். ஸ்பிரிட் காய்ந்ததும் மறைந்துவிடும்.

துணியில் சாயம் இல்லை. எல்லாம் வெளிச்சத்தின் வேலை. மரம் முழுக்க நுண்குழல்கள், அவற்றுள் காற்று. ஒளிவிலகல் எண் என்பது, ஒரு பொருளுக்குள் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது என்ற கணக்கு. காற்றுக்கு 1, குழலின் சுவருக்குச் சுமார் 1.5. இரண்டும் சந்திக்கும் இடமெல்லாம் ஒளி சிதறுகிறது; அதுதான் வெளிறல். காற்று இருந்த இடத்தில் 1.36 எண் கொண்ட ஸ்பிரிட் புகுந்ததும் சிதறல் குறைகிறது. ஒளி ஆழமாக இறங்கி, மரத்தின் நிறத்தோடு திரும்புகிறது. அங்கேயே தங்கிவிடும் ஸ்பிரிட் ஒன்று கிடைத்தால்? பாலிஷ் அதுதான்!

அதற்கு முன் தேய்ப்பு. 80-ஆம் நம்பர் உப்புத்தாளின் துகள் சுமார் 0.2 மி.மீ.; 180-இன் துகள் ஏறக்குறைய தலைமுடியின் தடிமன்தான். தேய்ப்பது கீறலை அழிப்பதில்லை, பெரிய கீறலைச் சிறிய கீறலாக மாற்றுகிறது. நடுவே 120-ஐத் தாண்டிக் குதித்தால், தப்பிய பள்ளங்கள் பாலிஷ் ஏறிய பிறகே பல்லிளிக்கும்.

கைப்பிடியைத் தாங்கும் கடைசல் தூண்கள்தான் பொறுமையைச் சோதிப்பவை. கடைசலில் குழிந்தும் புடைத்தும் வளையும் இடங்களில் குழல்கள் குறுக்கே வெட்டுப்பட்டு வாய் திறந்திருக்கும். அவை பாலிஷை அதிகம் குடித்துக் கறுத்துப்போகும். அங்கே இன்னும் நைசாகத் தேய்த்து, நீர்த்த பாலிஷால் முதலில் வாயை அடைக்க வேண்டும்.

பழைய வீடுகளின் பாலிஷ் பெரும்பாலும் அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களின் சாற்றை உறிஞ்சும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின் அது. ஜார்க்கண்டில் ஏராளமாக விளைகிறது. ஒளிவிலகல் எண் சுமார் 1.5, கிட்டத்தட்ட மரக்குழல் சுவரின் அதே எண்! இன்னொரு அற்புதம்: காய்ந்த அரக்கு மறுபடி ஸ்பிரிட்டில் கரையும். புதுப் பூச்சு பழையதைச் சற்றே இளக்கி, அதனோடு ஒன்றாகிவிடும். நூறாண்டுக் கைப்பிடியையும் சுரண்டாமலே புதுப்பிக்கலாம்.

மிதிபடும் படிகளுக்கு அரக்கு தாங்காது, அங்கே பாலியூரித்தேன் பூச்சு. காயும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகிவிடுவதால் ஸ்பிரிட் அதைக் கரைக்காது. அடுத்த பூச்சு ஒட்ட வேண்டுமானால் லேசாகத் தேய்த்துப் பிடிமானம் உண்டாக்க வேண்டும். அதனால் பழுது பார்க்க வரும் தச்சர், கைப்பிடிக்கு அரக்கு பூசும் பஞ்சுப் பொதியும் படிகளுக்கு உப்புத்தாளுமாக வருவார்.