சூரியகாந்தி எண்ணெய் வாங்கலாமா?

"நெஞ்சுக்கு நல்லதுன்னு சொல்றாங்களே, சூரியகாந்தி எண்ணெய் வாங்கலாமா?" ரத்தக் கொதிப்பு மருந்துக்கு வரும் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கூடுதல் காசு கொடுத்து வாங்குமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

சூரியகாந்தி அதிகமாக விளைவது ரஷ்யாவிலும் உக்ரேனிலும். பூ மலர்ந்த பிறகுதான் விதையில் எண்ணெய் ஊறுகிறது. அந்தச் சில வாரங்களில் அடிக்கும் வெயிலும் இரவுக் குளிரும் எண்ணெயின் குணத்தையே மாற்றிவிடும். பால்மரத்தை விடியலில் வெட்டினால் பால் கூடும், வெயில் ஏறினால் குறையும் என்பது நமக்குத் தெரியாததா? அது போலத்தான்.

குளிரில் விளைந்த சாதாரண ரகத்தில் லினோலியிக் என்ற கொழுப்பு கூடும். உஷ்ணத்தில் விளைந்தால் அது குறைந்து ஓலியிக் கூடும். சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் லினோலியிக் நூற்றுக்கு 48 முதல் 74 பங்கு வரை இருக்கலாம். பாட்டிலில் அதே பூப்படம்தான், உள்ளே சரக்கு வேறு! மழை பொய்த்தால் விதையில் எண்ணெயும் குறையும். விதையை ஈரத்தோடு குவித்து வைத்தால் எண்ணெய் கெடும். அடிபட்ட செம்பனைப் பழம் தாமதமாக மில்லுக்குப் போனால் என்ன ஆகுமோ, அதே கதைதான்.

இதனால் நமக்கென்ன? லினோலியிக் உடம்புக்கு அவசியம், கொலஸ்ட்ராலைக் குறைக்கவும் உதவும். ஆனால் அதிகச் சூடு தாங்காது. ஓலியிக் தாங்கும். 1970களில் சோவியத் நாட்டில் ஓலியிக் மிகுந்த ரகத்தை உருவாக்கினார்கள். வெயில், குளிர் எதுவானாலும் அதன் குணம் அவ்வளவாக மாறாது. பாட்டிலில் 'ஹை ஓலியிக்' என்று போட்டிருந்தால் அந்த வகைதான்.

சாதாரண சூரியகாந்தி எண்ணெயைத் தாளிக்க, வதக்க வைத்துக்கொள்ளுங்கள். பொரிப்பதற்கு ஹை ஓலியிக் நல்லது. செம்பனை எண்ணெயும் சூடு தாங்கும், ஆனால் அதில் ஏறக்குறைய பாதி நிறைகொழுப்பு. சூரியகாந்தியில் அது நூற்றுக்குப் பத்துப் பதினொரு பங்குதான். எந்த எண்ணெயானாலும் பொரித்ததையே திரும்பத் திரும்பச் சுட வைக்காதீர்கள். பாட்டிலை அடுப்போரத்திலும் ஜன்னல் வெயிலிலும் வைக்காதீர்கள்.

வாங்க வசதியில்லையே என்று கவலை வேண்டாம். இருக்கிற எண்ணெயைக் குறைத்து ஊற்றினாலே பலன் உண்டு. ஒரு தேக்கரண்டி எண்ணெய், எதுவானாலும், சுமார் 40 கலோரி.

கடைசியாக ஒன்று: "எண்ணெயை மாத்திட்டேன், இனி மாத்திரை எதுக்கு?" என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். எண்ணெய் சமையலுக்கு. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரைதான் மருந்து. டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது.