அவருக்கு ஆகும்... அத்தைக்கு ஆகாது!



'ரத்தக் கொதிப்புக்கு இளநீர் குடிங்க, முருங்கைக் கீரை சாப்பிடுங்க' என்று நம் சகோதரிகள் பலர் எழுதிப் படித்திருக்கிறேன். நல்ல யோசனைதான். செய்து பலன் கண்டவள் நான். அதே யோசனையால் என் மாமியாரை ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தவளும் நான்தான். இரண்டையும் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2021ல் என் கணவருக்கு பி.பி. 160/100 என்று வந்தது. அவர் ஊறுகாய்ப் பிரியர். தயிர் சாதத்துக்கு நார்த்தங்காய், சாம்பாருக்கு அப்பளம், பழைய சோற்றுக்கு மோர் மிளகாய் என்று ஒவ்வொரு வேளையும் உப்பாகவே உள்ளே போகும். டாக்டர் மாத்திரை எழுதினார். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று பார்த்த பிறகு, 'உப்பைக் குறைங்க, பொட்டாசியம் இருக்கிற காய், பழம், கீரையைக் கூட்டுங்க' என்றார்.

உப்பில் இருக்கும் சோடியத்தைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளவும், ரத்தக்குழாய் இறுக்கம் தளரவும் பொட்டாசியம் உதவுகிறதாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம் வேண்டும் என்றும், உப்பு 5 கிராமுக்கு, அதாவது ஒரு டீஸ்பூனுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2012ல் சொல்லியிருக்கிறது. ஒரு வாழைப்பழத்தில் சுமார் 400 மில்லிகிராம்தான் கிடைக்கும். ஆக, 'ஒரு இளநீர் குடிச்சா பி.பி. இறங்கிடும்' என்பதெல்லாம் சும்மா. நாள் முழுக்கச் சாப்பிடும் சாப்பாடே மாற வேண்டும்.

விலை கட்டுப்படியாக வேண்டுமே! அதனால் அந்தந்தக் காலத்தில் மலிவாகக் கிடைப்பதையே வாங்கினேன். சித்திரை, வைகாசியில் இளநீரும் கிர்ணிப்பழமும். ஆடியில் கூழோடு முருங்கைக் கீரை. மார்கழி, தையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பச்சை மொச்சையும். ஆயக்குடி கொய்யா தள்ளுவண்டியில் வரும்போது அது. சிறுமலைப்பழம் எங்கள் திண்டுக்கல்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கிழங்கைத் தோலோடு ஆவியில் வேக வைப்பேன். கீரை வெந்த தண்ணீரைக் கொட்டாமல் மிளகு, சீரகம் போட்டுச் சூப்பாகக் கொடுத்து விடுவேன். பொட்டாசியம் அந்தத் தண்ணீரில்தானே இறங்குகிறது!

ஊறுகாய் ஜாடியைப் பரண் மேல் ஏற்றியதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை மனுஷர். ஆனால், மாத்திரையும் இந்தச் சாப்பாடுமாக ஆறே மாதத்தில் 130/80க்கு வந்து விட்டார். 'இனிமே மாத்திரை எதுக்கு?' என்று கேட்டார். 'டாக்டர் சொல்லட்டும், நிறுத்தலாம்' என்று வாயை அடைத்து விட்டேன்.

இதோடு நின்றிருந்தால் நான் கெட்டிக்காரி!

மாமியாருக்கு 78 வயது. இருபது வருஷமாகச் சர்க்கரை, அதோடு பி.பி.யும். 'இவருக்கு நல்லது அத்தைக்கும் நல்லதுதானே' என்று நினைத்து, தினமும் ஒரு இளநீர், சாயங்காலம் தக்காளி சூப், கூட ஒரு கீரை என்று கொடுத்தேன். 'ஏம்மா, என்னைப் பச்சைப் புள்ளையாட்டம் பாத்துக்கறியே' என்பார்கள். அந்த நேரம் பார்த்து என் மகன், 'சோடியம் குறைந்த உப்பு, பி.பி.க்கு நல்லதும்மா' என்று ஒரு பாக்கெட் வாங்கி வந்தான். வீட்டுச் சமையல் மொத்தத்துக்கும் அதையே போட ஆரம்பித்தேன்.

2023 மே மாதம் ஒரு காலை, அத்தை கட்டிலை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. 'கால் துணியாட்டம் தொவளுதும்மா' என்றார்கள். வெயில் அசதி என்று நினைத்து, நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னொரு இளநீர் வெட்டிக் கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. மதியத்துக்குள் படபடப்பு வந்து விட்டது. ஆட்டோ பிடித்து ஓடினோம். பொட்டாசியம் 6.8. இருக்க வேண்டியது 3.5லிருந்து 5 வரைக்கும்தான். ஈ.சி.ஜி.யிலும் மாற்றம் தெரிந்தது. இன்னும் ஏறினால் இதயமே நின்று விடலாம் என்று சொல்லி, ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். நான்கு நாள் இருந்தோம்.

'பாட்டிக்குக் கிரியேட்டினின் கடைசியா எப்ப பாத்தீங்க?' என்று டாக்டர் கேட்டார். நானும் என் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சர்க்கரை அவர்களின் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் பாதித்திருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் அதிகப்படி பொட்டாசியத்தை வெளியே தள்ளி விடும். தளர்ந்து போனால் அது ரத்தத்திலேயே தங்கி விடும். அத்தை சாப்பிட்டு வந்த டெல்மிசார்டன் மாத்திரையும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றக் கூடியதாம். லோசார்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் எல்லாம் அப்படித்தான் என்றார். அதற்காக நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. டாக்டர்தான் மாற்றிக் கொடுத்தார்.

எல்லாவற்றையும் விட என்னைத் திடுக்கிட வைத்தது அந்த உப்புதான். சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருக்கிறார்கள்! பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. வீட்டில் யார் படித்தோம்? இந்த மாதிரி உப்பு பி.பி.யைக் குறைக்க உதவும் என்று 2025ல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்திருக்கிறது. ஆனால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கு அந்தப் பரிந்துரை கிடையாது. எங்கள் வீட்டில் மிச்சமிருந்த பாக்கெட் புளியோடு சேர்ந்து குத்துவிளக்கு துலக்கத்தான் பயன்பட்டது.

இப்போது எங்கள் அடுப்படியில் ஒரே காய் இரண்டு விதமாக வேகிறது. அவருக்கு உருளைக்கிழங்கு தோலோடு. அத்தைக்குத் தோல் சீவி, சின்னச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேக வைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டி விட்டுத் தாளிப்பேன். அதுவும் டயட்டீஷியன் சொன்ன அளவுதான். கீரை வெந்த தண்ணீர் அவருக்குச் சூப்பு, அத்தைக்கு விலக்கு. பழம் என்றால் அவர்களுக்குப் பாதி ஆப்பிள், இல்லையென்றால் அன்னாசியில் ஒரு சின்னத் துண்டு. உப்பு மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி, சாதாரண உப்பு, கம்மியாக.

பக்கத்து வீட்டு அக்கா, 'வாழைத்தண்டு கிட்னிக்கு நல்லதுடி, ஜூஸ் போட்டுக் குடு' என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அது கல் அடைப்புக்குச் சொல்வது அக்கா, இது வேறே வியாதி என்று சொன்னாலும் காதில் போட்டுக் கொள்வதில்லை.

உங்கள் வீட்டில் சர்க்கரை, பி.பி. இருக்கிற பெரியவர்கள் இருந்தால், இளநீரும் கீரையும் தினப்படி ஆக்குவதற்கு முன்னால் கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டையும் ஒரு தடவை பார்த்து விடுங்கள். மாத்திரைச் சீட்டையும் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறோம். போன தடவை 4.9.

தைப்பொங்கலன்று கூட்டுக்கு வாங்கிய சர்க்கரைவள்ளியில், தண்ணீர் வடித்த ஒரே ஒரு துண்டை அத்தை இலையில் வைத்தேன். வாயில் போட்டுப் பார்த்து விட்டு, 'ஏம்மா, இது கிழங்கா, சக்கையா?' என்றார்கள். சிரித்துக்கொண்டே சாப்பிட்டும் விட்டார்கள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.