சுண்ணாம்பு மண்ணில் நகராத பொஸ்பேற்று

"அண்ணை, அடிப்பசளை குறைவில்லாமல் போட்டனான். எண்டாலும் பயிர் எழும்புதில்லை." யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டங்களில் நாம் பலமுறை கேட்ட முறைப்பாடு இது. கமக்காரர் சந்தேகப்படுவது பெரும்பாலும் பசளைக் கடையை. ஆனால், பசளை நல்லதாக இருந்தும் பயிருக்குச் சேராமல் போவதற்கு நமது நிலத்தின் அடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லே போதுமான காரணம்.

யூறியாவிலிருந்து உண்டாகும் நைத்திரேற்று தண்ணீரோடு ஓடும். வேருக்குத் தப்பினால் கிணற்றுக்குப் போய்விடும். பொஸ்பேற்று அப்படியல்ல. போட்ட இடத்தை விட்டு அது நகரும் தூரம் சில மில்லிமீற்றர், மிஞ்சினால் ஓரிரு சென்ரிமீற்றர்தான். மண்ணின் மேல் தூவிவிட்டு எவ்வளவுதான் நீர் இறைத்தாலும் அது கீழே இறங்காது.

ரீ.எஸ்.பி. குருணி ஒன்று ஈரத்தை இழுத்துக் கரையும்போது, அதிலிருந்து கடும் அமிலத் திரவம் வெளிவருகிறது. அதன் பீ.எச். பெறுமானம் ஏறக்குறைய 1.5. இந்த அமிலம் பக்கத்திலுள்ள சுண்ணாம்புத் துணிக்கையைக் கரைக்க, அதிலிருந்து கல்சியம் வெளிப்படுகிறது. அந்தக் கல்சியமே பொஸ்பேற்றைப் பிடித்துத் திண்மமாக்கிவிடுகிறது. முதலில் உண்டாகும் இருகல்சியம் பொஸ்பேற்றை வேர்கள் ஓரளவு பயன்படுத்தும். நாட்செல்ல அது மேலும் கடினமான வகைகளாக மாறி, ஈற்றில் எலும்பிலுள்ள கனிப்பொருளை ஒத்த நிலையை அடைகிறது. போட்ட பொஸ்பரசில் முதற்போகப் பயிர் எடுப்பது பொதுவாகக் கால்பங்கிலும் குறைவு.

எப்பாவலைப் பாறைப் பொஸ்பேற்றும் இந்தக் கடின இனத்தைச் சேர்ந்ததுதான். மலைநாட்டுத் தேயிலையின் புளித்த மண்ணில் அது மெல்ல மெல்லக் கரைந்து உதவும். சுண்ணாம்பு மண்ணில் இடுவது கல்லோடு கல்லைச் சேர்ப்பது போலாகும். மலிவென்று வாங்கி ஏமாறக்கூடாது.

பொஸ்பேற்றை நகர்த்த வழியே இல்லையா? அதன் பக்கத்தில் எந்த உப்பை வைக்கிறோம் என்பதைப் பொறுத்து நிலைமை மாறும். உப்பு என்றதும் சிலர் தென்னைக்கு இடும் கறியுப்பை நினைக்கலாம். நாம் சொல்வது பசளை உப்புக்களை. ரீ.எஸ்.பி.யோடு அமோனியம் சல்பேற்றை ஒரே சாலில் இட்டால் இரண்டு நன்மைகள் உண்டு. சல்பேற்று கல்சியத்தின் ஒரு பகுதியை ஜிப்சமாகப் பிடித்துக்கொள்ள, பொஸ்பேற்றைப் பிடிக்கும் கை குறைகிறது. அமோனியத்தை வேர் உறிஞ்சும்போதும், அது நைத்திரேற்றாக மாறும்போதும் அமிலம் உண்டாகி, வேரைச் சுற்றிய மண் சற்றுப் புளிக்கிறது. அங்கே பொஸ்பேற்று கூடிய நாள் கரைந்த நிலையில் இருக்கும்.

எம்.ஓ.பி. வேறு விதம். அதிலுள்ள பொற்றாசியம் களியில் ஒட்டியிருக்கும் கல்சியத்தைத் தள்ளிவிட, அதுவும் பொஸ்பேற்றைத் தேடி வரும். பொற்றாசியம் பயிருக்குத் தேவை. ஆனால் பொஸ்பேற்றுச் சாலில் அதைக் குவிப்பதால் இலாபமில்லை. (புகையிலைக்கு எம்.ஓ.பி. போட்டால் குளோரைட்டினால் இலை சரியாக எரியாது என்பது புகையிலைத் தோட்டக்காரருக்குத் தெரிந்த சங்கதி.) யூறியாவையும் ரீ.எஸ்.பி.யையும் முன்கூட்டியே கலந்து வைத்தால் கலவை நீர்விட்டுக் களியாகிவிடும். கரையோரக் கிணறுகளின் உவர்நீரிலுள்ள சோடியம் பொஸ்பேற்றைக் கரைக்க உதவினாலும் மண்ணின் கட்டமைப்பைக் கெடுத்து வேரை வாட்டுவதால், அதை நன்மையெனக் கொள்ள இயலாது.

மிளகாய், கத்தரி போன்றவற்றுக்கு, நாற்று நிற்கும் வரிசைக்கு இரண்டு அங்குலம் பக்கத்திலும் இரண்டு அங்குலம் ஆழத்திலும் சால் கீறி, இரண்டு பசளையையும் இட்டு உடனே மண்ணால் மூட வேண்டும். மூடாவிட்டால் சுண்ணாம்பு மண்ணில் அமோனியம் வாயுவாகிக் காற்றோடு போய்விடும். வேரோடு ஒட்ட இட்டால் உப்பு வேரைச் சுடும்.

அமோனியம் சல்பேற்றை மேலதிகமாகப் போடவேண்டாம். அதில் நூற்றுக்கு 21 பங்கு நைதரசன்; யூறியாவில் 46. சாலில் இட்ட நைதரசனைக் கணக்குப் பார்த்து, பிறகு மேலே இடும் யூறியாவைக் குறையுங்கள். குடாநாட்டின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று ஏற்கெனவே உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது. தோட்டத்துக்கு இறைக்கும் கிணற்றில்தான் பல வீடுகளில் குழந்தைக்குப் பால்மா கரைக்கவும் தண்ணீர் அள்ளுகிறார்கள்.

நமது முன்னோர் பூவரசங் குழையும் பனையோலையும் தாட்டு, ஆட்டுப் பட்டி அடைத்த வழக்கத்துக்கும் இங்கே வேலையுண்டு. குழை உக்கும்போது வெளிவரும் அமிலங்களும் காபனீரொட்சைட்டும் சுண்ணாம்பின் பிடியைத் தளர்த்துகின்றன. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டின் இறுதியில் தடை நீங்கியபோதும் விலை முன்போல் இறங்கவில்லை என்பதை அனுபவித்தவர்களுக்கு இதன் பெறுமதி புரியும். அடுப்புச் சாம்பலை மட்டும் பொஸ்பேற்றுச் சாலில் கொட்டாதீர்கள். அதுவும் சுண்ணாம்புக் குணமுடையது.

எல்லாத் தோட்டமும் ஒன்றல்ல. சில செம்மண் தறைகளில் மேல்மண்ணின் சுண்ணாம்பு கழுவுண்டு போயிருக்கும். சாம்பல் நிற மண்ணில் நிறைய இருக்கும். ஒரு பிடி காய்ந்த மண்ணில் வினாகிரியோ தேசிப்புளியோ விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் இங்கு சொன்னதெல்லாம் உங்கள் தோட்டத்துக்கும் பொருந்தும். அப்போதும் முழுத் தோட்டத்திலும் இறங்காமல் இரண்டு வரிசைக்கு மட்டும் சாலில் இட்டு, பக்கத்து இரண்டு வரிசைக்கு வழமைபோல் தூவி, ஒரு மாதம் கழித்து இரண்டிலும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கி வேரை ஒப்பிட்டுப் பாருங்கள்.