மூளையின் மடைகள்

மாணவன் ஒருவன் எழுதுகோலை எடுத்துத் தன் பெயரை எழுதுகின்றான். அஃது எளிய செயலாகவே நமக்குத் தோன்றுகிறது. ஆயின், அதற்கு விரல்கள் மடங்க வேண்டும். மணிக்கட்டு அசைய வேண்டும். தோள் நிலையாக நிற்க வேண்டும். இயங்க வேண்டிய தசைகள் இயங்குதல் மட்டும் போதாது; இயங்கலாகாத தசைகள் ஓய்ந்திருத்தலும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நடத்தத் துணைபுரியும் உறுப்பு யாது?

மூளையின் மேற்பரப்பு மடிப்பு மடிப்பாக அமைந்தது. அதற்குக் கீழே, மூளையின் ஆழத்தில், இடப்பாதியிலும் வலப்பாதியிலும் நரம்பணுக்கள் திரண்ட சில கருக்கள் உள்ளன. அவற்றின் தொகுதியை அடிநரம்புத் திரள் என்பர். அதன் உறுப்புகளுக்கு அறிஞர் இட்ட பெயர்கள் காரணப்பெயர்களே. வால்போல் நீண்டு வளைந்திருப்பது வாற்கரு. ஓடு போன்றது ஓட்டுக்கரு. வெளிறிய நிறத்தது வெளிர் உருண்டை. கருநிறம் வாய்ந்தது கரும்பொருள். மேற்பரப்பிற்குச் செய்தி அனுப்பும் தலாமசு என்னும் பகுதியின் கீழே அமைந்தது அடிக்கரு.

இவற்றின் தொழிலை ஏரிப் பாசனத்தோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். ஏரி நிறைந்திருக்கிறது, மடைகளெல்லாம் அடைபட்டுள்ளன. மடை காப்போன், நீர் வேண்டும் வயலுக்குரிய மடையை மட்டும் திறக்கிறான். அவ்வாறே, வெளிர் உருண்டையின் உட்பகுதி தலாமசை எப்பொழுதும் அடக்கி வைத்திருக்கிறது. மேற்பரப்பிலிருந்து செய்தி வந்ததும், வாற்கருவும் ஓட்டுக்கருவும் வேண்டிய இயக்கத்திற்குரிய அடக்கத்தைத் தளர்த்துகின்றன. உடனே தலாமசு மேற்பரப்பை ஊக்க, அவ்வியக்கம் நிகழ்கிறது. மற்றொரு வழியில், அடிக்கரு வெளிர் உருண்டையைத் தூண்டி, வேண்டாத இயக்கங்களைத் தடுக்கிறது. எனவே, இத்திரள் தசைகளுக்கு நேரே ஆணையிடுவதன்று. எதனை விடுப்பது, எதனைத் தடுப்பது என்று தேர்வதே அதன் பணியாகும்.

இத்தேர்வு செவ்வனே நடைபெற டோபமின் என்னும் வேதிப்பொருள் வேண்டும். அது திறக்கும் வழியை ஊக்கி, தடுக்கும் வழியைத் தணிக்கும். அதனைத் தருவது கரும்பொருளே. அங்குள்ள அணுக்கள் அழிந்தால் மடைகள் எளிதில் திறவா. உடல் விறைக்கும், நடை தளரும், ஓய்ந்திருக்கும் கை நடுங்கும். இந்நோயை 1817-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் சேம்சு பார்க்கின்சன் விரித்தெழுதினார். அவர் பெயராலேயே அஃது இன்றும் வழங்குகிறது.

நோயின் காரணம் புலப்பட நெடுங்காலம் ஆயிற்று. 1957-இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன், மருந்தால் அசைவற்றுக் கிடந்த விலங்குகளுக்கு டோபா என்னும் பொருளைச் செலுத்தினார். அவை மீண்டும் இயங்கின. 1960-இல் வியன்னா நகரத்து அறிஞர் ஓர்னிகீவிச், நோயுற்று இறந்தோரின் மூளையில் டோபமின் மிகவும் குறைந்திருத்தலைக் கண்டார். டோபமின் குருதியிலிருந்து மூளையினுள் புகாது. லெவோடோபா புகுந்து, ஆங்கே டோபமினாக மாறும். ஆதலின் 1961-இல் அதனை நோயாளர்க்குச் செலுத்திப் பயன் கண்டனர். அம்மருந்து துன்பத்தைத் தணிக்கும். ஆயினும் அழிந்த அணுக்களை மீட்டுத் தாராது.

யான் பள்ளியில் பயின்ற நாளில் முதிய ஆசிரியர் ஒருவர் எமக்கு இலக்கணம் கற்பித்தார். கரும்பலகையில் அவர் எழுதும் வரி, பெரிய எழுத்தில் தொடங்கிச் சிறுத்துக்கொண்டே சென்று, இறுதியில் எறும்பு நிரைபோல் தோன்றும். வகுப்பின் வாயிலருகே அவர் கால்கள் தரையோடு ஒட்டியவைபோல் நின்றுவிடும். யாங்கள் நகைத்தோம். அவர் எம்மை வெகுண்டதில்லை. நடக்கும் விருப்பம் அவருக்குக் குறையவில்லை, மடைதான் திறக்கவில்லை. அவை இந்நோயின் குறிகள் என்று யான் உணர்ந்தபொழுது அவர் உயிருடன் இல்லை.

மாணவர்களே! இந்நோயால் காலெடுக்க இயலாது நிற்போருள் பலர், தரையில் ஒரு கோடு கிழித்து அதனைத் தாண்டுமாறு கூறினால், அடியெடுத்து வைப்பர். கண்ணால் காணும் குறி, மடை திறக்க வேறொரு வழியாகின்றது. அன்று எம் கையருகே சுண்ணக்கட்டி இருந்தது. ஒரு கோடு கிழிக்கும் அறிவுதான் இல்லை. நீங்கள் அவ்வறிவைப் பெற்றீர்கள். நடுங்கும் கையையும் தயங்கும் காலையும் காணும்பொழுது நகையாதீர், விரைவுபடுத்தாதீர், பொறுமையோடு அருகில் நின்று துணைபுரிவீராக.